ஏழாம் கட்டில் பெயிண்டர்

பெயிண்டருக்கு எங்கள் ஆஸ்பத்திரிச் சுவர்களைக் கண்டாலே ஆகாது. பத்தொன்பது வருடம் அந்தச் சுவர்களுக்குள் பூட்டி வைக்கப்பட்டவருக்கு அவற்றின் மேல் வேறு புகார்கள் இருந்திருக்கலாம். ஆனால் அவர் வாய்விட்டுச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். பட்டி பூசிச் சுவரைச் சமமாக்காமல் பெயிண்ட் அடித்துவிட்டார்கள் என்பார். "ஒரே கோட்ல முடிச்சுட்டு ஓடிட்டான் சிஸ்டர். கை வச்சுத் தடவிப் பாருங்க, சொரசொரன்னு இருக்கு. பெரிய டாக்டர் ரூமுக்கு மட்டும் மூணு கோட்டு. பைத்தியத்துக்கு இது போதும்னு நெனச்சுட்டான்." தன்னையே அப்படிச் சொல்லிக்கொண்டு சிரிப்பார். எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும். "அந்த வார்த்தையை இங்க சொல்லக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது?" என்பேன். "நீங்க சொல்லக் கூடாது. நான் சொல்லலாம்" என்பார்.

நான் அந்த வார்டில் நர்ஸ். சாதாரண வார்டு இல்லை. பெரிய குற்றம் ஒன்று நடந்து, செய்த நேரத்தில் இவருக்குப் புத்தி தன் வசத்தில் இல்லை என்று கோர்ட் முடிவுசெய்து அனுப்பியவர்கள் இருக்கிற இடம். இரண்டு இரும்புக் கதவுகள். ஒன்றைப் பூட்டினால்தான் அடுத்ததைத் திறக்க முடியும். சாவிக்கொத்து எங்கள் இடுப்பில் சங்கிலியோடு கிடக்கும். சாப்பாடு முடிந்ததும் இருபத்து நான்கு ஸ்பூனும் எண்ணி வாங்கப்படும். ஒன்று குறைந்தாலும் யாரும் மேசையை விட்டு எழுந்திருக்க முடியாது. ஜெயிலில் இத்தனை வருடம் என்று ஒரு கணக்காவது இருக்கும். இங்கே அதுவும் கிடையாது. இனிமேல் இவரால் ஆபத்தில்லை என்று வருடத்துக்கு ஒருமுறை கூடும் மூவர் குழு சொல்கிற வரைக்கும் இருக்க வேண்டியதுதான்.

பெயிண்டர் வந்தபோது அவருக்கு முப்பத்தைந்து வயது. நானும் அதே வருடம்தான் வேலைக்குச் சேர்ந்தேன். வீடுகளுக்கு வெள்ளையடிக்கிற வேலை அவருடையது. கூட வேலை பார்த்த நண்பனை இரும்புக் கம்பியால் அடித்துவிட்டார். மூன்றாம் நாள் அந்த மனிதர் இறந்துபோனார். வந்த புதிதில் பெயிண்டர் யாரோடும் பேச மாட்டார். காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சரியான மருந்து கிடைக்க இரண்டு வருடம் ஆயிற்று. குரல்கள் நின்றன. தான் என்ன செய்தோம் என்பது அப்போதுதான் அவருக்கு முழுதாகப் புரிந்தது. ஒரு வாரம் அழுதார். அதற்கப்புறம் ஆள் எழுந்து நடமாடி, சுவர்களைக் குறை சொல்லத் தொடங்கிவிட்டார். நல்ல மனிதர். இதை நான் இப்போது சொல்லவில்லை, அப்போதே சொன்னேன். அப்படிச் சொன்னவளே பிறகு என்ன செய்தாள் என்பதுதான் கதை.

அவருக்கு ஒரு தங்கை உண்டு. ஓட்டல்களுக்குப் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுக்கும் இடத்தில் இஸ்திரி போடுகிறவள். மாதத்தின் முதல் சனிக்கிழமை பத்து மணிக்குக் கேட்டில் நிற்பாள். மழையோ வெயிலோ, ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. குழு கூடுகிற நாளில் லீவு போட்டுவிட்டு வருவாள். அண்ணன் வீட்டுக்கு வந்தால் தங்க வேண்டிய அறையை ஒவ்வொரு வருடமும் கழுவித் துடைத்துவிட்டுத்தான் வருவாள். அண்ணன் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு குழு முன்னால் போவார். முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்து சட்டையைக் கழற்றி, கசங்காமல் மடித்து அலமாரியில் வைப்பார். "அடுத்த வருஷத்துக்கும் இதே ஆகும் சிஸ்டர், தோய்க்க வேணாம்" என்பார்.

அவரைத் தடுத்தது பழைய குற்றம் இல்லை. அதற்கு மருந்து வேலை செய்துவிட்டது என்று எல்லா டாக்டரும் எழுதினார்கள். தடுத்தது ஒரு வரிதான். 'வார்டில் இருந்த காலத்தில் ஓர் உதவியாளரைக் கொல்ல முயன்றவர்.' மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு ஆளின் கழுத்தை நெரித்திருக்கிறார் என்றால், வெளியே விட்டால் என்ன செய்வார்? இந்தக் கேள்விக்குக் குழுவில் யாரிடமும் பதில் இல்லை. இன்னும் ஒரு வருடம் பார்க்கலாம் என்பார்கள். இப்படியே பதினோரு வருடம் போயிற்று.

அந்தச் சம்பவத்தைப் பற்றிக் கேட்டபோது பெயிண்டர் முதலில் மறுத்தார். நான் அந்த நேரத்தில் அங்கேயே இல்லை, சமையலறைப் பக்கம் ஏணி மேல் நின்று பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தேன் என்றார். அப்போதிருந்த டாக்டர் ஃபைலில் எழுதினார்: 'சம்பவத்தை முற்றிலும் மறுக்கிறார். தான் வேறு இடத்தில் இருந்ததாகக் கற்பனை செய்துகொள்கிறார்.' மருந்தின் அளவையும் கூட்டிவிட்டுப் போனார். நான் பிரசவ லீவு முடிந்து ஐந்து மாதம் கழித்துத் திரும்பியபோது பெயிண்டர் ஊதிப்போய், நாக்கு குழறி, ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். என்ன ஆச்சு என்றேன். நீங்க லீவுல போன சமயம் ஒருத்தரைக் கொல்லப் பார்த்தார் என்றார்கள். எனக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. நம்பி ஏமாந்துவிட்டோமே என்று அவர் மேல் ஆத்திரம் வந்தது. ஒரு மாதம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்புறம் மனசு கேட்கவில்லை. நானே போய் அவருக்கு எடுத்துச் சொன்னேன். "ஒத்துக்கய்யா. இல்ல இல்லன்னு சொல்லச் சொல்ல, வியாதி இன்னும் போகலைன்னு எழுதிக்கிட்டே இருப்பாங்க. ஒத்துக்கிட்டா உனக்கு என்ன குறைஞ்சு போகும்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீங்களும் நான்தான் செஞ்சேன்னு நெனைக்கிறீங்களா சிஸ்டர்?"

"ஃபைல்ல இருக்கே."

"சரி" என்றார்.

அடுத்த குழுவில் ஒத்துக்கொண்டார். கோபத்தை அடக்கும் வகுப்புக்கு அனுப்பினார்கள், போனார். இரண்டாவது தடவையும் போகச் சொன்னார்கள், அதற்கும் போனார். வேலையை விட்டுப் போய்விட்ட அந்த உதவியாளருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னார்கள், எழுதினார். மருந்தைக் குறைத்தார்கள், ஆள் பழையபடி ஆனார். ஆனால் அந்த வரி மட்டும் ஃபைலில் இருந்து அசையவில்லை. டாக்டர்கள் மாறினார்கள். புதிதாக வருகிறவர் போன வருட அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு இந்த வருட அறிக்கையை எழுதுவார். வரி அதில் இருந்து இதில் குதிக்கும். முதல் தாளைப் புரட்டிப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

போன வருடம் பெரிய டாக்டர் ஓர் உத்தரவு போட்டார். பழைய தாள்கள் எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற வேண்டும். டைப்பிஸ்ட் அம்மா என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, இதை எழுதினவரே வந்து படித்தால்தான் ஆயிற்று என்று சொல்லிவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. என் கையெழுத்தில் என் வீட்டுக்காரருக்கே பாதி புரியாது. மத்தியான வேளைகளில் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து நான் படிக்க, அவர் அடிப்பார்.

பெயிண்டரின் ஃபைல் வந்தது. படித்துக்கொண்டே போனேன். "ஏழாம் கட்டில் நோயாளி, காலை பத்து முப்பது மணியளவில், பணியிலிருந்த உதவியாளரின் கழுத்தைப் பின்புறமிருந்து நீலத் துண்டால் இறுக்கிக் கொல்ல முயன்றார்." கீழே என் கையெழுத்து. நான் எழுதினேனா என்று வியந்தபடி மேலே தேதியைப் பார்த்தேன். அது என் மகள் பிறந்த தேதி.

டைப்பிஸ்ட் அம்மா, "என்னாச்சு சிஸ்டர், முகமே வெளுத்துப் போச்சு, தண்ணி குடுக்கவா?" என்றார். தாளை மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

எங்கள் வார்டின் பழக்கம் ஒன்றைச் சொன்னால்தான் இது விளங்கும். சம்பவத் தாளில் நோயாளியின் பெயர், தகப்பன் பெயர், ஃபைல் எண் எல்லாம் எழுத வேண்டும் என்பது விதி. யாரும் எழுத மாட்டோம். கட்டிலின் தலைமாட்டில் எண் இருக்கிறது. பன்னிரண்டுக்கு ஊசி போட்டாச்சா, மூணு சாப்பிடலை, ஏழு தூங்குது என்று அப்படியே பேசி அப்படியே எழுதுவோம். ஆபீஸில் ஒரு பட்டியல் தொங்கும். தாளில் ஏழு என்று இருந்தால் குமாஸ்தா பட்டியலைப் பார்த்து ஏழாம் கட்டில்காரர் ஃபைலில் சொருகிவிடுவார். வேலை சுலபம். கட்டிலும் ஆளும் ஒன்றாக இருக்கிற வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை.

அந்த வாரம் வார்டுக்கு வெள்ளையடித்தார்கள். கட்டில்களை எல்லாம் பெரிய கூடத்துக்குத் தள்ளினார்கள். முன்னது பின்னதாக, குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. காலியாக இருந்த கட்டிலில் அவரவர் படுத்துக்கொண்டார்கள். நோயாளிகளுக்கு வேலை தரும் தொழிற்கூடம் மூலம் பெயிண்டருக்கும் அதில் வேலை கொடுத்திருந்தார்கள்; காலையில் சீக்கிரம் போக வேண்டும். கதவுப் பக்கம் கிடந்த பத்தொன்பதாம் கட்டிலில் படுத்தார். அவருடைய ஏழாம் கட்டிலில் வேறொருவர் படுத்தார். அவரைக் கண்ணாடிக்காரர் என்றுதான் கூப்பிடுவோம்.

அன்று காலை எனக்கு நிறை மாதம். கூடத்தில் நிற்க முடியாது என்று சமையலறைத் தாழ்வாரத்தை ஒட்டிய ஸ்டோர் ரூமில் ஒரு நாற்காலி போட்டு, போனும் பேப்பருமாக உட்கார வைத்திருந்தார்கள். தாழ்வாரத்தில் ஏணி மேல் பெயிண்டர். கீழே காவலாக ஒரு வார்டர். பெயிண்ட் வாசனை எனக்கு வயிற்றைப் புரட்டியது. பெயிண்டர் ஏணியை விட்டு இறங்கி வந்தார். "இந்த வாசனை வயித்துல இருக்கிற புள்ளைக்கு ஆகாது சிஸ்டர்" என்று சொல்லி, வார்டரிடம் கேட்டுக்கொண்டு, இறுகிக் கிடந்த ஜன்னலைத் திறந்து பெயிண்ட் கலக்குகிற குச்சியை முட்டுக் கொடுத்தார். அந்த நேரத்தில்தான் போன் அடித்தது. வேறு வார்டிலிருந்து அன்றைக்கு மட்டும் வந்திருந்த ஆள் பேசினான். "சிஸ்டர், ஏழு பின்னால இருந்து நம்ம ஆள் கழுத்துல நீலத் துண்டப் போட்டு இழுத்துட்டான். பிரிச்சுட்டோம். ஊசி போட்டாச்சு. எழுதிக்குங்க." அவனுக்கும், அவனோடு வந்து கழுத்து இழுபட்டவனுக்கும் எங்கள் ஆட்களின் முகம் தெரியாது, கட்டிலைப் பார்த்துச் சொன்னான்.

"என்ன சிஸ்டர், யாருக்கு என்ன?" என்று ஜன்னலடியில் நின்ற பெயிண்டர் கேட்டார்.

"ஏழு தகராறு பண்ணுதாம்."

"அடப் பாவமே" என்று உச்சுக் கொட்டிவிட்டு ஏணியில் ஏறிவிட்டார்.

அவருக்கும் உறைக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை. ஏழு என்பது எனக்குக் கட்டில். அவர் எனக்குப் பெயிண்டர். எதிரே நின்று எனக்குக் காற்று வரச் செய்த மனிதரைப் பற்றி, அவர் நின்றுகொண்டிருக்கும்போதே, கொலை செய்யப் பார்த்தார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். 'கொல்ல முயன்றார்' என்பதைப் போனில் யாரும் சொல்லவில்லை. அது என் சொந்தச் சரக்கு. வாந்தியும் எரிச்சலுமாக இருந்தவளுக்குக் கை அப்படிப் போயிற்று. அன்று மத்தியானமே வலி எடுத்தது. அந்தத் தாள் என் நினைவை விட்டே போய்விட்டது.

டைப்பிஸ்ட் அம்மாவை அப்படியே விட்டுவிட்டுத் தொழிற்கூடத்துக்கு ஓடினேன். பழைய வருகைப் பதிவேடுகளைத் தூசி தட்டி எடுத்தேன். அதே தேதி. பெயிண்டர், ஒன்பது மணி முதல் பன்னிரண்டு மணி வரை, சமையலறைத் தாழ்வாரம். ஏணி ஒன்று, பிரஷ் மூன்று, குச்சி ஒன்று, திரும்பப் பெறப்பட்டது. ஆளை எண்ணத் தெரியாத நாங்கள் பிரஷ்ஷை மட்டும் ஒழுங்காக எண்ணியிருக்கிறோம்.

பெயிண்டர் அந்தக் கூடத்தின் மறுகோடியில் நாற்காலிக் காலுக்கு உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தார். பதிவேட்டை அவர் முன்னால் விரித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"நான் செய்யலன்னு எனக்குத் தெரியும் சிஸ்டர்" என்றார் மெல்ல.

"பின்ன ஏன்யா இத்தனை வருஷம்..."

"நீங்கதானே ஒத்துக்கச் சொன்னீங்க."

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

"இன்னும் பன்னெண்டு நாள்ல குழு" என்றார். பதிவேட்டை மூடினார். "இப்பப் போய் இதக் கிளறாதீங்க சிஸ்டர். உங்க கால்ல விழறேன். திரும்ப இல்லைன்னு ஆரம்பிச்சுட்டான், வியாதி முத்திருச்சுன்னு எழுதிருவாங்க. செஞ்சேன் செஞ்சேன்னு சொல்லித்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கேன்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அந்த இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் இந்த வருடத்துக்கான அறிக்கை, குழுவுக்குப் போகுமுன் என் மேசைக்கு வந்தது. 'ஓர் உதவியாளரைக் கொல்ல முயன்றவர். இன்னும் ஒரு வருடம் கண்காணிப்பில் வைப்பது நல்லது.' அதைத் தூக்கிக்கொண்டு போய் அவர் கையில் கொடுத்தேன்.

"பாருய்யா. ஒத்துக்கிட்டாலும் இதான், ஒத்துக்கலைன்னாலும் இதான்."

நாலு தடவை படித்தார். உப்புத்தாளை மடித்துப் பையில் வைத்தார். "அப்ப எழுதுங்க" என்றார்.

பெரிய டாக்டர் எதற்கும் அலட்டிக்கொள்ளாத மனிதர். நான் மூச்சு விடாமல் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்களுக்கு விளக்கம் கேட்டு ஓலை வரும், தெரியுமில்ல?" என்றார். தெரியும் என்றேன். "அப்ப உங்க கையெழுத்துலயே எழுதிக் குடுங்க. ஆனா படிக்கிற மாதிரி எழுதுங்க."

"அந்தக் கண்ணாடிக்காரர் பேரையும் எழுதணுமா சார்?"

அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். கண்ணாடிக்காரர் சுத்தமான ஃபைலோடு எட்டு வருடம் முன்பே வெளியே போனவர். ஒரு செடி விற்கும் தோட்டத்தில் வேலை பார்க்கிறார். மாதா மாதம் தவறாமல் ஊசி போட்டுக்கொள்கிறார். தெருவில் ஒரு நாயைக்கூட அதட்டியதில்லை. "பெயிண்டர் இல்லைங்கறது போதும். வேற யாருன்னு யாரும் உங்களக் கேக்கல" என்றார். "அந்த வரி கண்ணாடிக்காரர் ஃபைல்ல இருந்திருந்தா அவரும் இன்னும் இங்கதான் இருந்திருப்பார். அதையும் நெனச்சுப் பாருங்க." நினைத்துப் பார்த்தேன். அந்தப் பேரை எழுதவில்லை.

குழு நாளன்று அந்தச் சின்ன அறையில் நீண்ட மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் ஓய்வுபெற்ற நீதிபதி அம்மா. ஒரு பக்கம் வெளியிலிருந்து வந்த டாக்டர். மறுபக்கம் சமூகநல அதிகாரி. பின்சுவரை ஒட்டிய நாற்காலியில் தங்கை. நான் என் கடிதத்தைப் படித்தேன். பதிவேட்டையும் கொடுத்தேன். மூவரும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். அப்புறம் நீதிபதி அம்மா பெயிண்டர் பக்கம் திரும்பினார். குரலில் கருணை எதுவும் இல்லை.

"பத்து வருஷமா நீங்கதான் செஞ்சதா சொல்லியிருக்கீங்க. மன்னிப்புக் கடிதம் வேற எழுதியிருக்கீங்க. இப்ப செய்யலைங்கறீங்க. இதுல எது பொய்?"

நான் பயந்த கேள்வி அதுதான். பெயிண்டர் எழுந்து நின்றார்.

"செஞ்சேன்னு சொன்னதுதாம்மா பொய்."

"உங்க சௌகரியத்துக்குப் பொய் சொல்றவர்னு நாங்க எடுத்துக்கலாமா?"

அவர் தங்கை பக்கம் திரும்பினார். நீதிபதி அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "சரி, இத்தனை வருஷம் என்ன சொன்னீங்களோ அதை அப்படியே இப்பச் சொல்லுங்க."

பெயிண்டர் கைகளை ஒட்டி வைத்துக்கொண்டு, எதிர்ச் சுவரைப் பார்த்து ஒப்பித்தார். "காலை பத்து முப்பது மணியளவில், பணியிலிருந்த உதவியாளரின் கழுத்தைப் பின்புறமிருந்து நீலத் துண்டால் இறுக்கிக் கொல்ல முயன்றேன்."

என் வாக்கியம். ஒரு எழுத்து பிசகவில்லை; 'முயன்றார்' மட்டும் 'முயன்றேன்' ஆகியிருந்தது.

"அந்தத் துண்டு எங்க இருந்து வந்தது?"

"தெரியலம்மா. அது ஃபைல்ல இல்ல."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "உக்காருங்க" என்றார் நீதிபதி அம்மா. கொஞ்சம் தணிந்த குரலில், "நீங்க இங்க வர்றதுக்குக் காரணமா ஒண்ணு இருக்கில்ல. அதைச் சொல்லுங்க" என்றார்.

பெயிண்டர் உட்காரவில்லை. "நானும் அவனும் ஒரே டப்பாலதாம்மா கலர் கலக்குவோம். அன்னைக்கு அவன் குத்த வச்சு பிரஷ் கழுவிக்கிட்டு இருந்தான். உன் தங்கச்சிய இவன் சுவத்துக்குள்ள வச்சுப் பூசப் போறான், பூசப் போறான்னு நாலு நாளா என் காதுல ஒரு குரல். தூங்கலை. கம்பிய எடுத்தேன். மொத அடி விழுந்ததும் அவன் திருப்பி அடிக்க வரலைம்மா. 'டேய், உனக்கு என்னடா ஆச்சு'ன்னு கேட்டான். எனக்கு என்ன ஆச்சுன்னுதான் கேட்டான். நான் திரும்பவும் அடிச்சேன்." நிறுத்தினார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இத எனக்கு எந்த வகுப்புலயும் சொல்லிக் குடுக்கலம்மா. மறக்கறதுக்கு ஒரு வகுப்பு வச்சாலும் எனக்கு முடியாது."

வெளியிலிருந்து வந்த டாக்டர், குரல் மறுபடி வந்தால் என்ன செய்வீர்கள் என்றார். "வந்த அன்னைக்கே இங்க வந்து கேட்டத் தட்டுவேன் சார். வழி தெரியும்" என்றார் பெயிண்டர். டாக்டர் தலையைக் குனிந்து சிரிப்பை மறைத்துக்கொண்டார்.

அரை மணி நேரம் எங்களை வெளியே உட்கார வைத்தார்கள். தங்கை என் கையைப் பிடித்திருந்தாள். இஸ்திரி போட்டுக் காய்த்துப்போன கை. நான் செய்த தப்பை அவளும்தான் கேட்டிருந்தாள். ஆனாலும் கையை விடவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். நீதிபதி அம்மா சுருக்கமாகச் சொன்னார்: விடுவிக்கிறோம், தங்கை வீட்டில் இருக்க வேண்டும், மாதம் ஒருமுறை ஊசிக்குப் போக வேண்டும், ஊர் மாறினால் தெரிவிக்க வேண்டும். தங்கைக்குத் தலையில் ஏறவே இல்லை. வருடா வருடம் கேட்டுப் பழகிய வாயால், "அப்ப அடுத்த வருஷம் எந்தத் தேதிம்மா?" என்றாள். நீதிபதி அம்மா முதல் தடவையாகச் சிரித்தார். "அடுத்த வருஷம் வர வேணாம்மா. கூட்டிட்டுப் போங்க." அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பதினோரு வருடமாக இருந்ததே தெரியாத ஒரு பாரம், இறங்கும்போதுதான் எத்தனை கனம் என்று தெரிந்தது.

காகிதங்கள் முடிய ஆறு வாரம் ஆயிற்று. எனக்கும் ஓலை வந்தது. பதவி உயர்வை ஒரு வருடம் நிறுத்தினார்கள். சம்பவத் தாளில் பெயர் எழுதாமல் கட்டில் எண் எழுதுகிறவர்களுக்கு இனி மன்னிப்பில்லை என்று பெரிய டாக்டர் சுவரில் ஒட்டினார். அந்த ஆறு வாரத்தில் பெயிண்டரிடம் நான் எத்தனையோ முறை மன்னிப்புக் கேட்டேன். ஒவ்வொரு முறையும் அவர் ஒரே மாதிரி, "அதெல்லாம் ஒண்ணும் இல்ல சிஸ்டர், விடுங்க" என்று சிரித்தார். என் மேல் கோபமே இல்லையா என்று கேட்டேன். "சேச்சே, எனக்கு எதுக்குக் கோபம்?" என்றார். பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அந்தச் சிரிப்பு எனக்குக் கொஞ்சம்கூடத் தாங்கவில்லை.

போகிற நாள் காலையில் தங்கை ஒன்பதரைக்கே வந்துவிட்டாள். பெயிண்டர் கையில் ஒரு பை, அவ்வளவுதான். முதல் கதவு, இரண்டாம் கதவு, முற்றம், பெரிய கேட். கேட் காவலாளி பதிவேட்டை நீட்டினார். பெயிண்டர் கையெழுத்துப் போட்டார். நானும் கூடவே ரோடு வரைக்கும் வந்தேன். எதிரே பஸ் நிற்கும் இடம், ஒரு பழக்கடை, பள்ளிக்குப் பிந்திய பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். பெயிண்டர் தார் ரோட்டில் நாலு எட்டு வைத்தார். பையைக் கீழே வைத்தார். திரும்பினார்.

"பதினோரு வருஷம்!" என்று கத்தினார்.

நான் திடுக்கிட்டுப் போனேன்.

"பதினோரு வருஷம் சிஸ்டர்! கொல்லப் பார்த்தான்னு யாரு சொன்னா உங்களுக்கு? போன்ல சொன்னானா? பக்கத்துலதானே நின்னேன் நான்? ஏணி மேல இருந்தேன், ஏணி மேல இருந்தேன்னு தொண்டை கிழியச் சொன்னேனே, ஒருத்தராவது அந்த வார்டரக் கூப்பிட்டுக் கேட்டீங்களா? கற்பனைன்னு எழுதிட்டீங்க! எங்கம்மா செத்தப்ப முகத்தப் பார்க்க விடலையே நீங்க!"

அது எனக்குத் தெரியும். அவர் கொடுத்த மனுவில், வன்முறைச் சம்பவம் காரணமாக அனுமதிக்க இயலாது என்று எழுதியிருந்தது. என் வரிதான் அதுவும்.

"அண்ணா, ரோட்டுல நின்னு என்ன இது, அக்கா என்ன நெனைப்பாங்க" என்று தங்கை அவர் கையை இழுத்தாள்.

"அவர விடும்மா, பேசட்டும்" என்றேன்.

கேட் காவலாளி பழக்க தோஷத்தில் விசிலை வாயில் வைத்துக்கொண்டு இரண்டு எட்டு முன்னால் வந்துவிட்டார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். "அவர் இப்ப நம்ம பேஷண்ட் இல்ல. போய் உக்காருங்க."

பெயிண்டர் நிறுத்தவில்லை. "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லன்னு பல்லக் காட்டிக்கிட்டே இருந்தேன் ஆறு வாரமா! உள்ள வச்சு ஒரு வார்த்தை சத்தமாப் பேசியிருந்தா எழுதியிருப்பீங்களா மாட்டீங்களா? சொல்லுங்க!"

"எழுதியிருப்போம்" என்றேன். உண்மை அதுதான்.

"அதுக்குத்தான் இந்த ரோட்டுக்கு வர்ற வரைக்கும் வாயக் கட்டிக்கிட்டு இருந்தேன்!"

அப்புறமும் திட்டினார். என் கையெழுத்தைத் திட்டினார், அந்த டாக்டரைத் திட்டினார், இரண்டு தடவை போன வகுப்பைத் திட்டினார். பழக்கடைக்காரர் வியாபாரத்தை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவர் திட்டத் திட்ட எனக்குள் ஏதோ ஒன்று ஆறிக்கொண்டே வந்தது. அந்த ஆறு வாரச் சிரிப்பில் கிடைக்காத நிம்மதி இந்த வசவில் கிடைத்தது. பஸ் வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. முகமெல்லாம் வேர்வை. தங்கை பையை எடுத்துக்கொண்டாள். படியில் ஏறிய பிறகு திரும்பிப் பார்த்து, "உடம்பப் பார்த்துக்குங்க சிஸ்டர்" என்றார், அதே கோபக் குரலில்.

பஸ் போய் ரொம்ப நேரம் கழித்துத்தான் கேட்டுக்குள் வந்தேன். காவலாளி பதிவேட்டோடு காத்திருந்தார். "சிஸ்டர், இந்தச் சத்தத்துக்கு ரிப்போர்ட் ஏதாவது எழுதணுமா?"

"என்னன்னு எழுதுவீங்க? ரோட்டுல ஒரு மனுஷன் கோபப்பட்டார். அவ்வளவுதானே" என்று சொல்லிவிட்டு, பத்தரை மணி மருந்து கொடுக்க நேரமாகிவிட்டதால் வேகமாக உள்ளே போனேன்.